இரண்டாம் கியரைப் பிடித்த கை

1

எங்கள் காரில் இரண்டாம் கியர் நிற்க மாட்டேன் என்கிறது. போட்டால் விழுகிறது. ஆனால் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், உள்ளேயிருந்து யாரோ தட்டிவிட்டதுபோல் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நாங்கள் இருக்கும் ஒஹாயோ மாநிலம் தோசைக்கல் மாதிரி தட்டையானது. எங்கள் ஊரில் இறக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தெருதான் உண்டு. நூலகத்துக்குப் பின்னாலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் தெரு. போன ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இது முதன்முதலாக நடந்தது.

ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மகள் நளினி. பக்கத்து இருக்கையில் நான். கியர் துள்ளியதும் வண்டி பிடிமானம் இல்லாமல் சரிந்தது. அவள் பதறாமல் பிரேக்கை மிதித்தாள், மறுபடி கியரைப் போட்டாள். அவள் கையை எடுத்தவுடன் என் கை தானாகப் போய்க் கியர் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“அப்பா, கையை எடுங்க” என்றாள்.

நான் எடுக்கவில்லை. பாலம் வரும்வரை பிடித்துக்கொண்டே வந்தேன். சமவெளிக்கு வந்த பிறகு என் கையைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அது என் கை இல்லை, என் அக்கா கஸ்தூரியின் கை. எழுபதுகளின் நடுவில், ஜவ்வாது மலை ரோட்டில், ஒரு புளி சீசன் முழுக்க அவள் ஒரு ஜீப்பின் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொண்டே வந்தவள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வேலை, பனி, வரிக் கணக்கு என்று ஏதாவது ஒரு சாக்கு. கடைசியில் கியர் துள்ளித்தான் எழுத வைத்திருக்கிறது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். எங்கள் வீட்டில் இப்போது இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. நளினி இங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு, மிச்சத்தை வர்ஜீனியாவில் படிக்க இடம் வாங்கியிருக்கிறாள். கால்நடை வைத்தியத்துக்கு அதுதான் வழியாம். ஜனவரியில் வகுப்பு. அங்கே போக வேண்டுமென்றால் அப்பலாச்சியன் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும், அதுவும் பனிக்காலத்தில். காரிலேயே போகிறேன், தனியாகவே போகிறேன் என்கிறாள். பஸ்ஸில் போ என்று என் மனைவி வசந்தா நடக்கும்போதும் சொல்கிறாள், தோசை திருப்பும்போதும் சொல்கிறாள்.

கார் நளினியினுடையது. அவள் பிறந்தநாளுக்கு நானே கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அப்பன் என்ற பெயருக்கு அழகில்லை. அதனால் நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னேன்: கியர்பாக்ஸ் நம்பிக்கையாகச் சரியானால் கார், இல்லாவிட்டால் பஸ். வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, முடிவு முழுவதும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது என்று.

தெருமுனையில் டான் என்பவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஆள் வாட்டசாட்டமானவர், பொறுமைசாலி. இரண்டாம் கியர் நிற்கவில்லை என்பதை நம் ஊர் வாக்கியத்தையே இங்கிலீஷில் போட்டுச் சொன்னேன். கியருக்குக் கால் இருக்கிறதா என்று நினைத்திருப்பார். ஆனாலும் புரிந்துகொண்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, ரீபில்ட். உங்கள் கியர்பாக்ஸையே இறக்கி, இங்கேயே பிரித்து, எது தேய்ந்திருக்கிறதோ அதை மட்டும் மாற்றி, மறுபடி மூட்டித் தருவது. பெட்டியும் உங்களுடையது, நல்ல பாகங்களும் உங்களுடையவை. வேலை எப்படி இருக்கும் என்பது செய்கிறவன் கையைப் பொறுத்தது. இன்னொன்று, ரீமேனுஃபேக்சர்டு. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், யாரோ ஒருவர் காரிலிருந்து வந்த பழைய பெட்டியைக் கடைசி ஆணிவரை பிரித்து, தேயக்கூடிய பாகம் எல்லாவற்றையும், தேய்ந்ததா இல்லையா என்று பார்க்காமல், புதிதாகப் போட்டு, மெஷினில் ஓட்டிச் சோதித்து, மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். நம் பழைய பெட்டியை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அங்கே பிரிபட்டு, எந்த ஊரிலோ இன்னொருவர் காருக்குள் போய் உட்காரும்.

இரண்டுமே நல்ல வழிதான், உங்கள் மனசு எதில் நிம்மதியாக இருக்கும் என்று பாருங்கள் என்றார் டான். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பெட்டியையே பிரியுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். முதல் பாதிக்குத் தலையை ஆட்டினார். இரண்டாவது பாதிக்குத் தரையைக் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் கோடு. வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்ஷூரன்ஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம். என் வண்டியின் வயிற்றைக் கிழிக்கும்போது நான் வெளியே காபி குடித்துக்கொண்டு பழைய பத்திரிகை புரட்ட வேண்டும். இதற்கு எப்படிச் சம்மதிப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

3

அக்காவை ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் கொடுத்திருந்தது. மாமாவுக்கு அங்கே ஒரு ஜீப். மலையிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் போளூருக்கு இறக்குவதும், போளூரிலிருந்து உப்பு, மண்ணெண்ணெய், துணி என்று ஏற்றிவருவதும் தொழில். புளி சீசனில் ஜீப்புக்குள் மனிதர்களைவிட மூட்டைதான் அதிகம் இருக்கும். நான் அப்போது வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலையாக இருந்தேன். லீவு கிடைத்தால் வசந்தாவையும் குழந்தை நளினியையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவோம்.

அந்த வருஷம் ஜீப்பின் இரண்டாம் கியர் துள்ள ஆரம்பித்தது. மலை இறங்குகிறவனுக்கு இரண்டாம் கியர் என்றால் உயிர். பிரேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் இறங்கினால், பாதி வழியில் பிரேக் சூடாகி வேலைநிறுத்தம் செய்துவிடும். கியர்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். அந்தக் கியரே வளைவுக்கு வளைவு கழன்றுகொண்டால் என்ன செய்வது? மாமா முதலில் சைக்கிள் டியூபைக் கிழித்துக் குச்சியை இழுத்துக் கட்டிப் பார்த்தார். கட்டியதை அவிழ்ப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றால் சீசன். மலைக்காரர்கள் வருஷம் பூராவும் காத்திருந்து உலுக்கிய புளி, சந்தைக்குப் போயாக வேண்டும்.

அக்கா சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நீங்க ஓட்டுங்க, நான் புடிச்சிக்கிறேன் என்றாள். அவ்வளவுதான். அன்று தொடங்கியது.

நான் அதைப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாமா கிளட்சை மிதித்து ‘ம்’ என்பார். அக்கா கையைத் தளர்த்துவாள். அவர் கியர் மாற்றி மறுபடி ‘ம்’ என்றதும் இறுக்குவாள். முதலில் சில நாள் அந்த ‘ம்’ தேவைப்பட்டது. பிறகு அதுவும் இல்லை. அவர் காலைத் தூக்கும்போதே அவள் கைக்குத் தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் வாய் சும்மா இருக்காது. பின்னால் இருப்பவர்களிடம் சாமை விளைச்சலை விசாரிப்பாள், யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்பாள், மாமாவைக் கிண்டல் செய்வாள். கை மட்டும் அசையாது. விரல்களுக்குக் கீழே தோல் காய்த்துப்போய்விட்டது. மாவு அரைச்சிக் காய்க்கல, உங்க மாமாவ நம்பிக் காய்ச்சிப் போச்சு என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

போகப் போக என்ன ஆயிற்றென்றால், அக்கா முன் சீட்டில் இல்லாவிட்டால் மலைக்காரர்கள் ஜீப்பில் ஏற மறுத்தார்கள். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். மாமா மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளையன் கவுண்டர் என்று ஒரு பெரியவர், வாடிக்கையாக வருகிறவர், எட்டிப் பார்த்துவிட்டு மூட்டையை மறுபடி இறக்கி வைத்தார்.

“அம்மா வர்லியா? அப்ப நாங்க அவங்க வர்ற அன்னிக்கே வர்றோம். புளி இன்னா ஓடியா பூடும்?”

மாமாவுக்கு ரோஷம் வந்தது. மலை ரோட்டில் அவரைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் அப்போது குறைவு. ஆனால் அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு அக்காவிடம் இருந்த மரியாதை அன்றைக்குப் பல மடங்கு ஏறியது. பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவள், வண்டி ஓட்டத் தெரியாதவள், அவள் கை ஒரு மலைக்கே ஜாமீனாக இருந்தது.

4

நளினிக்கு அந்தக் காலத்தில் நினைவிருப்பது ரொம்பக் கொஞ்சம். இங்கே வந்தபோது அவளுக்கு ஏழு வயது. தமிழ் அவளிடம் இருக்கிறது, ஆனால் விருந்தாளிக்கு எடுத்துவைக்கும் தட்டு மாதிரி எங்களுக்காக மட்டும் வெளியே வரும். தொலைபேசியில் தோழிகளோடு பேசும்போது அவள் குரலே வேறு. இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வருத்தத்தைவிட ஆச்சரியம் அதிகம். எந்த ஊரிலும் யாரிடமும் கூச்சப்படாமல் நேராக நிமிர்ந்து பேசுகிறாள். இன்னும் கண்ணால் பார்க்காத வர்ஜீனியா அறையை இப்போதே ‘என் வீடு’ என்கிறாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் அம்மா இன்னும் ஜீரணிக்கவில்லை.

இந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் கியர் பேச்சு வந்தபோது, அத்தையை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். புளி வாசனை ஞாபகம் இருக்கிறது என்றாள். அத்தையின் கை ஞாபகம் இருக்கிறது என்றாள். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று சொன்னாள்.

“எனக்கு ரொம்ப நாள் ஜீப்னா ரெண்டு பேர் ஓட்டணும்னுதான் நினைப்புப்பா. ஒருத்தர் ஸ்டீயரிங், ஒருத்தர் கியர். இங்கே வந்து, எல்லாரும் தனியா ஓட்டறதைப் பார்த்து, பாவம், இவங்களுக்கு யாருமே இல்லையான்னு நினைச்சேன்.”

வசந்தா எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். இருக்கிற தண்ணீரே நிறைய இருந்தது. ஆனால் நளினி அதைச் சோகமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

5

அந்தப் புளி சீசன் முடிந்ததும் ஜீப்பைப் போளூரில் காதர் பாய் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். நானும் போயிருந்தேன். பாய் கெட்டிக்காரர், ஆனால் வாய் கைக்கு முன்னால் ஓடும். பானெட்டைக்கூடத் திறக்காமல், பல்லெல்லாம் தேஞ்சி போச்சு மாமு, பொட்டியே காலி என்று சொல்லிவிட்டார். வேலூரில் ஒரு கடையில் ‘மாத்துப் பொட்டி’ கிடைக்கும் என்றார். அதாவது பழைய கியர்பாக்ஸை அவர்களே சரிசெய்து, பெயிண்ட் அடித்துத் தயாராக வைத்திருப்பார்கள். நம்முடையதைக் கொடுத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். சாயந்திரமே மலை ஏறிவிடலாம்.

டான் சொன்ன அதே இரண்டு வழிகள். ஒஹாயோவில் நான் ஏன் யோசிக்காமலே எங்கள் பெட்டியைப் பிரியுங்கள் என்றேன் என்று இப்போது தெரிகிறதா?

மாமாவுக்கு மாத்துப் பொட்டிதான் ஆசை. வண்டி நிற்கும் ஒவ்வொரு சந்தைக்கும் வாடிக்கை வேறு வண்டிக்குப் போகும் என்ற பயம். அக்கா ஒரே பிடியாக மறுத்தாள்.

“நம்ம பொட்டி துள்ளும், அவ்ளோதான். அது இன்னா பண்ணும்னு என் கைக்குத் தெரியும். பெயிண்டு அடிச்ச பொட்டி எந்த வளைவுல இன்னா பண்ணும்னு ஒங்களுக்குத் தெரியுமா பாய்?”

பாய்க்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொண்டதுதான் அவருடைய நல்ல குணம். சரி, பிரிக்கிறேன் என்றார்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். வண்டியைப் பிரிக்கும்போது சொந்தக்காரன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெக்கானிக் எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் சரி. நல்ல சாமான் போய் ஓட்டைச் சாமான் வந்துவிடும் என்ற பயம். மெக்கானிக்கும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார். மாமாவுக்கு அன்று வேறு வண்டி வாடகைக்குப் பிடிக்கும் அலைச்சல். அதனால் அக்காதான் உட்கார்ந்தாள். கவிழ்த்த கிரீஸ் டின் மேல், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஒர்க்‌ஷாப் ஆண்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்க்க, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

பாய் ஒவ்வொரு பல்சக்கரமாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வைக்க, அக்கா முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். சாமிக்கா, அடையாளத்துக்கா என்று பாய் கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றாள். எண்ணெயில் போட்டால் மஞ்சள் நிற்காது அக்கா என்று அவர் சிரித்தார். எண்ணெயில் போடுகிற வரைக்கும் நின்றால் போதும் என்றாள்.

பல் ஒன்றுகூடத் தேயவில்லை. பாய் ஒவ்வொரு பல்லையும் துணியால் மறுபடி துடைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கிற ஸ்பிரிங் அது. தளர்ந்து போயிருந்தது. துள்ளியதற்குக் காரணம் அவ்வளவுதான். அடுத்து, கவட்டை மாதிரி ஒரு இரும்பை எடுத்தார். குச்சி அசையும்போது கியரைத் தள்ளுவது அந்தக் கவட்டைதான். அதன் ஒரு பக்கம் கத்திபோல் மெலிந்திருந்தது.

“ஸ்பிரிங்கு செத்தது சின்ன சமாச்சாரம் அக்கா. நீங்க புடிச்சினே வந்தீங்க பாருங்க, அந்த அழுத்தத்துல இது தேஞ்சி பூட்ச்சி. இன்னும் கொஞ்ச நாள் புடிச்சிருந்தா கியரே மாட்டினு இருக்கும்.”

அக்கா அந்த இரும்பை வாங்கி, தேய்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். தன் உள்ளங்கையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். முகம் வாடியது. எனக்கே ஏதாவது சொல்லித் தேற்றலாமா என்று இருந்தது. அதற்குள் அவளே தலையை நிமிர்த்தினாள்.

“புடிக்கலன்னா அன்னிக்கே எல்லாரும் பள்ளத்துல கெடந்திருப்போம் பாய்.”

“அதுவும் வாஸ்தவம்தான். ஆனா இனிமே புடிக்காதீங்க.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. இத்தனை வருஷம் கழித்தும் இதில் யார் பக்கம் சேர்வது என்று எனக்குத் தெரியவில்லை.

6

இதுவரை எழுதி வைத்துவிட்டு, டானிடம் என்ன சொல்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நளினி வந்து உட்கார்ந்தாள். ரீமேனுஃபேக்சர்டு போடுங்கப்பா என்றாள். அக்கா சொன்ன வாதத்தை அப்படியே எடுத்து வீசினேன். யாரோ ஒருவர் பெட்டி, எப்படி ஓட்டினாரோ, எங்கே முட்டினாரோ, உள்ளே என்ன இருக்கிறதோ. நம் பெட்டி என்றால் நமக்குத் தெரியும்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு இங்கிலீஷில் தொடங்கி, எனக்காகப் பாதியில் தமிழுக்கு மாறினாள். டானுடைய வேலை டான் இருக்கும் தெருவில் நல்லது. மலைக்கு நடுவில் ஏதாவது ஆனால் டான் வருவாரா? தொழிற்சாலைப் பெட்டி என்றால், நடுவில் எந்த ஊரில் நின்றாலும், அந்தக் கம்பெனியின் பேரைச் சொன்னால் அங்கே இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக் கொடுப்பார்கள். அப்படி எழுதித் தருகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

“அத்தை ஜீப்புல அத்தை இருந்தாங்க. இதுல நான் மட்டும்தானேப்பா.”

குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கை எடுத்து வைப்பதுபோல் எடுத்து வைத்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். அக்கா பிரிக்கச் சொன்னது, பிரித்த பிறகும் அந்த வண்டியில் தானே போகப்போகிறவள் என்பதால். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை. எனக்கு இங்கே மஞ்சள் கோடு இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் நான் இருக்கப்போவதும் இல்லை. பக்கத்தில் உட்கார முடியாதவனுக்கு ரீபில்ட் எதற்கு? இந்தப் பெண் எப்போது இவ்வளவு யோசிக்கக் கற்றுக்கொண்டாள் என்று பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அப்பன்மார் வழக்கம்.

டானிடம் போய்த் தொழிற்சாலைப் பெட்டியே போடுங்கள் என்றேன். வந்ததும் திறக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன் என்றும் சொன்னேன். இரண்டு வாரத்தில் கூப்பிட்டார். மரப்பெட்டியைக் கோட்டின் ஓரம்வரை அவரே தள்ளிக்கொண்டு வந்து வைத்து, மூடியை நெம்பினார். உள்ளே புது இரும்பு மாதிரி சாம்பல் நிறத்தில் கியர்பாக்ஸ். அதன் உடம்பு முழுக்க, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், மஞ்சளாக ஒரு பொட்டு.

இது என்ன என்று கேட்டேன். முடுக்கியவர் ஒருத்தர், சரியாக முடுக்கியிருக்கிறதா என்று பார்க்கிறவர் இன்னொருத்தர், பார்த்து முடித்ததற்கு அடையாளமாக இந்தப் பெயிண்ட் என்றார் டான். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், என் மகள் பெயர் தெரியாத ஒருவர், அவள் ஏறப்போகும் மலை தெரியாத ஒருவர், ஒவ்வொரு போல்ட்டாகக் குனிந்து பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். இந்த நாட்டை நான் குறை சொல்லாத நாள் குறைவு. ஆனால் அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

7

ஜீப்பின் கதையை முடித்துவிடுகிறேன். புது ஸ்பிரிங், புதுக் கவட்டை போட்டு, பாய் மூட்டிக் கொடுத்த பிறகு முதல் சந்தை நாள். நாங்களும் மலையில் இருந்தோம். அதுதான் அமெரிக்கா வருவதற்கு முன் நாங்கள் கடைசியாக மலை இறங்கியது. அக்கா முன் சீட்டில் ஏறினாள். இல்லாவிட்டால் கூட்டம் ஏறாதே. ஊர் எல்லையைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. மாமா இரண்டாம் கியரைப் போட்டார். பின்னாலிருந்து வெள்ளையன் கவுண்டர் எட்டிப் பார்த்தார்.

“அம்மா, கைய வெச்சிக்கோங்க.”

“வெச்சா கெட்டுப் பூடும் பெரிப்பா. இனிமே வெக்கக் கூடாதாம்.”

பின்னால் இருந்தவர்கள் கைக்கு அகப்பட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வளைவில் அக்காவின் கை தானாகக் குச்சிப் பக்கம் நீண்டதை நான் பார்த்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே கொடுத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். தலையை மட்டும் பின்பக்கம் திருப்பி, அப்புறம் பெரிப்பா, பேரனுக்குப் பொண்ணு பார்த்தீங்களே, இன்னாச்சு என்று கேட்டாள். கவுண்டர் பதில் சொல்லத் தொடங்கினார். அடிவாரம் வரும்வரை அவள் கைகளை எடுக்கவில்லை, கியரும் துள்ளவில்லை.

அவள் பிடித்துக்கொண்டு வந்ததை ஊரே கொண்டாடியது. நான் அவளை அதிகமாக வியந்தது அவள் கைமேல் உட்கார்ந்த அந்த இறக்கத்தில்தான்.

போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வழியாக அக்கா கேசட் ஒன்று பேசி அனுப்பியிருந்தாள். நளினி கார் ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சொந்தக்காரர்கள் நலம் விசாரித்த பிறகு, கடைசியில் அவள் குரல்: “பொண்ணு வண்டி ஓட்டுதாமே. நீ எங்கடா குந்தினு வர்ற? பக்கத்துலயா? கைய எங்க வெச்சிக்கினு கீற?” அதோடு ஒரு சிரிப்பு. பின்னணியில் ஜீப் ஹாரன். அப்புறம் நாடா தீர்ந்துவிட்டது.

8

நளினி இன்று காலை கிளம்பினாள். வசந்தா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் சன்னலிலிருந்து பார்த்து, பழம் கீழே விழுந்துவிட்டது என்று சைகை காட்டினாள். வசந்தா அழவில்லை. தயிர்சாதப் பொட்டலத்தைப் பின் சீட்டில் வைத்து அதற்கும் சீட் பெல்ட் போட்டுவிட்டாள்.

பாலம்வரை நானும் வருகிறேன், அங்கே இறங்கி நடந்து வந்துவிடுகிறேன் என்றேன். நளினி பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள். நூலகத்தைச் சுற்றிக்கொண்டு அந்த இறக்கத்துக்கு வந்தோம். ஓரங்களில் பனி உறைந்திருந்தது. அவள் இரண்டாம் கியரைப் போட்டு, காலை எடுத்தாள். என் கை நீளத் தொடங்கியது. நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“குளிருதாப்பா?”

“ஆமாம்மா.”

ஹீட்டரைக் கூட்டி வைத்தாள். கியர் அப்படியே நின்றது. தெரு முழுக்க, பாலத்தின் முனைவரை, வைத்த இடத்திலேயே நின்றது. பாலத்தருகே ஓரமாக நிறுத்தினாள். நான் கதவைத் திறக்கத்தான் கைகளை வெளியே எடுத்தேன். இரண்டும் மரத்துப் போயிருந்தன. போய்ட்டு வர்றேன்ப்பா என்றாள், நம் ஊரில் சொல்வதுபோலவே. கார் பாலத்தைத் தாண்டித் திருப்பத்தில் மறையும்வரை, அந்த மரத்துப்போன கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.